பவளத்தின் ஊக்கு

மூன்றாவது சொட்டும் விழுந்த பிறகு சோலையப்பனுக்குத் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்ட மருந்து எந்த வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் இறங்கிவிட்டது, நாக்கின் அடியில் வேப்பங்கொழுந்து மென்றதுபோல நின்றது. "கண்ணை மூடியே வச்சிருங்க தாத்தா. தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா மறுபடி விடணும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டரின் செருப்புச் சத்தம் அடுத்த பெஞ்சுக்குப் போனது. அவர் தன் கண்ணுக்காக வந்தவரில்லை, மகள் அரசிக்குத் துணையாக வந்தவர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸிலேயே, "வந்ததே வந்தாச்சு, நீங்களும் காட்டிருங்கப்பா, பேப்பரை மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிக்கிறீங்க" என்று அவள் சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சீட்டும் போட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை. மருந்து விட்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம், அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை இப்போது நினைக்கக் கசப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. வலது பக்கம் அரசி, அவள் மடியில் பத்து மாதப் பேத்தி ஆதிரை. இரண்டு பேருக்கும் இடையில் துணிப்பை. பைக்குள் அந்தப் போட்டோ. சட்டத்தோடு தூக்கி வரக் கனமாக இருக்கிறதென்று அரசியே ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி, படத்தை மட்டும் இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அட்டையின் முனை அவர் முழங்கையில் குத்தியது. கையை இழுத்துக்கொண்டார். பெஞ்சில் ஆள் நெரிசல், கை மறுபடியும் அங்கேயே போய் இடித்தது. போன தடவை டாக்டரம்மா அரசியின் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார்களாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இப்படியே போனால் பார்வை ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வரும் என்றார்களாம். அந்தக் கண்ணின் கருமணி மற்றவர்களுக்குப் போல வட்டமாக இல்லை, கீழ்ப்பக்கம் ஒழுகி ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இது எப்படி வந்தது என்று கேட்டதற்கு, குழந்தையில் அடிபட்டது என்று அரசி சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. வலது கண்ணிலும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே, பிறவியிலேயே இப்படி என்றால் அது ரத்தத்தில் வருவது, அப்படியானால் உன் குழந்தையையும் பார்க்க வேண்டும், இத்தனை சின்னப் பிள்ளையை மயக்கம் கொடுத்துத்தான் முழுசாகப் பார்க்க முடியும், அடிபடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் கொண்டு வா என்றார்களாம். "கண்ணைக் காட்டப் போனா பல்லைக் கேக்குறாங்கப்பா" என்று அரசி பஸ்ஸில் சிரித்தாள். "சின்னப்பல்லா, எடம் விட்டு மொளைச்சுதான்னு. ஆமா, கல்யாணத்துக்கு முன்னாடி பல்லு கட்டிக்கிட்டேன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க." அவர் மீசையைத் தடவிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த மீசைக்குக் கீழே அவருக்கும் முன்பற்கள் அரிசி போலத்தான்.

இடது பக்கமிருந்து ஒரு குரல், யாரோ திருமங்கலத்துக்காரர், முகம் தெரியாது, வெற்றிலை வாசம் மட்டும் வருகிறது. "அண்ணாச்சி, எனக்கு ஒரு கண்ணு முடிச்சாச்சு. அந்தக் கண்ணால பாத்தா எஞ் சட்டை பளிச்சுனு வெள்ளையா இருக்கு. இந்தக் கண்ணால பாத்தா பழுப்பா இருக்கு. இத்தன வருசமா சலவைக்காரனைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன், அவனும் பாவம் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டான்." பெஞ்சே சிரித்தது. அரசியும் சிரித்தாள். சோலையப்பனும் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை, ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டான் என்ற இடத்தில் ஏதோ மாட்டிக்கொண்டது. கண் பழுதானது இவருக்கு, திட்டு விழுந்தது அவனுக்கு. "பேத்தியா? அடடா, என்னா கண்ணுய்யா! முகத்துல பாதி கண்ணாவே இருக்கு" என்றது அதே குரல். "எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள் அரசி, பெருமை குரலில் தளும்பியது. "அம்மன் கண்ணுன்னு எங்க மாமியார் தெருவுல ஒருத்தரைப் பாக்கவிட மாட்டாங்க. ஆனா வெயில்ல போனாத்தான் மொகத்தை மொகத்தைப் பொதைச்சுக்குவா. தண்ணியா ஊத்தும்." "திருஷ்டிதாம்மா. சுத்திப் போடு." போட்டாயிற்று, சுற்றிப் போட்டாயிற்று. பொங்கலன்று வாசலில் பானைக்கு முன்னால் அவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சூரியன் பக்கம் திரும்பியதும் அது வீலென்று கத்தி அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்தது. அப்புறம் நிழலில் வைத்து அந்தப் பெரிய கண்களைப் பார்த்தார். எல்லோரும் பார்க்கும் விதமாகப் பார்த்தால் அழகுதான். அவருக்கு அப்படிப் பார்க்க வராது. தன் போட்டோ ஸ்டுடியோவில் நாற்பது வருடம் ஜனங்களின் கண்ணில் விளக்கின் புள்ளி கூர்மையாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய பார்வை அது. குழந்தையின் கண்ணில் அந்தப் புள்ளி கூராக இல்லை, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல லேசாகக் கலங்கிக் கிடந்தது. அன்றைக்குப் பொங்கலைத் தொட்டதோடு சரி. இனிப்பு கூடிப்போச்சு என்று இலையை மூடிவிட்டார். தை போய் மாசி வந்தாயிற்று, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரம்மாவே கண்டுபிடித்துவிடட்டும் என்று விட்டுவிட்டார். அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பல்லைக் கேட்டு, வெள்ளைக் கோட்டைப் பார்த்து, விளிம்பு வரை வந்துவிட்டார்கள். நடுவில் குறுக்கே நிற்பது அவர் கையால் செய்த அந்தப் படம். அதில் முதல் பிறந்தநாளன்று அரசி பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருக்கிறாள், வாயை மூடிச் சிரிக்கிறாள், இரண்டு கண்ணிலும் கருமணி வட்ட வட்டமாக, மிளகு மாதிரி.

மிளகு மாதிரி வைக்க எவ்வளவு பாடுபட்டார். அதை நினைக்கும்போது மூடிய இமைக்குள்ளும் வெட்கம் சூடாகப் பரவியது, ஏனென்றால் அந்தப் பாட்டில் அன்றைக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, வேலை சுத்தமாக வருகிறது என்ற கைகாரனின் சந்தோஷம். பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில், நன்றாக விழித்துப் பார்த்த ஒரு காலையில், மனைவி பவளம் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்களேன். இவ கண்ணுல என்னமோ ஒழுகுன மாதிரி இருக்கு." பவளத்தின் தேன் நிறக் கண்ணே பிள்ளைக்கும் வந்திருந்தது, அதனால் நடுவில் இருக்கும் கறுப்பு தெளிவாகத் தெரிந்தது. இடது கண்ணில் அந்தக் கறுப்பு வட்டமாக நிற்காமல், மைப்புட்டி சாய்ந்ததுபோல ஓரம் வரை வழிந்திருந்தது. அவர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அவருடைய அத்தை ஞாபகம் வந்தது, அப்பாவின் தங்கை, விசேஷம் என்றால் வீட்டுப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களே, அந்த அத்தை. அவளுக்கும் கருமணி இப்படித்தான் வழிந்து கிடக்கும், அரிசிப் பல்லுதான், முப்பது வயதுக்குள் பார்வை போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்படி ஒருத்தி இருந்ததைப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, பவளத்துக்கும் தெரியாது. "சரியாப் போயிரும். பச்சைப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார். சரியாகப் போகாது என்று தெரிந்தே சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று பவளம் கேட்டாள். போனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று முதல் கேள்வியே வரும். பார்ப்போம், பார்ப்போம் என்றார். பிள்ளைக்கு வயது ஒன்றானது. ஊருக்கெல்லாம் கலர் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தன் மகளை மட்டும் கருப்பு வெள்ளையில் எடுத்தார். கலர் பிரிண்டில் கை வைத்தால் தெரிந்துவிடும், கருப்பு வெள்ளையில் தெரியாது, அதற்காகத்தான். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மேசை விளக்கைக் கிட்டத்தில் இழுத்து, வெள்ளையில் கறுப்பைக் கலந்து, அந்தக் கண்ணின் சாம்பல் நிறம் கிடைக்கும் வரை கலந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் வழிந்த கறுப்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக. முடித்து நிமிர்ந்தபோது கண் சரியாகிவிட்டது. உண்மையிலேயே சரியாகிவிட்டது என்று அந்தக் கணம் நம்பினார். அப்புறம் நிஜப் பிள்ளை அழுதது, எட்டிப் பார்த்தார், அது சரியாகவில்லை. அந்த நெகட்டிவும் அடுத்த மழைக்காலத்தில் ஓதம் பிடித்து மற்றவற்றோடு ஒட்டிப் போயிற்று, தூக்கி எறிந்தார், எறியும்போது வருத்தப்பட்ட மாதிரிகூட ஞாபகமில்லை.

ஊக்கு எங்கிருந்து வந்தது? அது கண்ணுக்கு முன்னால் தொங்கியது, அவ்வளவுதான். ஸ்டுடியோவுக்குக் கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு கூட்டம், அதில் ஒரு பெரிய வாயாடி அம்மாள், சுவரில் மாட்டியிருந்த பிறந்தநாள் படத்தையும் கீழே தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். "படத்துல நல்லா இருக்கு, இப்ப என்ன சோலை, பிள்ளை கண்ணுல பூ விழுந்திருக்கா?" அதே நேரம் பவளம் சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். எல்லாப் பெண்களையும்போலத் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பாள், அவசரத்துக்கு எடுக்க. நடந்து வரும்போது அது கிலுகிலுவென்று சத்தம் போடும். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார், ஊக்கைப் பார்த்தார், வாய் தானாகத் திறந்தது. "இவ ஊக்கு குத்திருச்சுக்கா. பால் குடுக்கும்போது. வாய் தொறந்து கெடந்த ஊக்கு." முன்னமே யோசித்து வைத்ததில்லை. ஆனால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது! அடிபட்டதென்றால் ரத்தத்தில் இல்லை, நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடை இல்லை, பின்னறை அத்தையை யாரும் தேட மாட்டார்கள். "அடிப்பாவி, ஊக்கை மாட்டிக்கிட்டா பிள்ளைக்குப் பால் குடுப்பா? பெத்தவளா நீ?" என்று அந்த அம்மாள் பவளத்தின் மேல் பாய்ந்தாள். பவளம் கூடையை இறக்கிவைத்தாள். அவரை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக வாசித்துப் பார்த்துவிட்டார், கோபம் என்று, கெஞ்சல் என்று, நீ இவ்வளவுதானா என்று. எதுவுமில்லாமல் வெறும் பார்வையாகவும் இருந்திருக்கலாம். "ஆமாக்கா, கவனிக்கலை" என்றாள். வீட்டுக்கு வந்து கொடியிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மஞ்சள் டப்பா மூடியில் போட்டாள். "பிள்ளைக்கு நல்லதுன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "ஆனா பெரியவளானதும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா." அதற்கப்புறம் அவள் ஊக்கைத் தொட்டதே இல்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். பஸ்ஸில் ஏறும்போது சரியும், ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். அவருடைய பொய் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு கையை வாழ்நாள் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டாள்.

சொல்லவில்லை. பெரியவளானாள், சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒழுகக்கண்ணி என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்து பையை வீசினாளே, அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "ஒன்னாலதான்! ஒன் ஊக்கு! ஒரு பிள்ளையை ஒழுங்காத் தூக்கத் தெரியாத நீ எல்லாம் எதுக்குப் பெத்த?" பவளம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஆமா தாயி, என்னாலதான்." அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார். அந்தத் தாள் திரும்பிய சத்தம் இருக்கிறதே, அது இன்னும் போகவில்லை, இப்போது இந்த நடைபாதையில் யாரோ சீட்டைப் புரட்டினால்கூட அது அந்தச் சத்தமாகத்தான் கேட்கிறது. கல்யாணம் பேசும்போது சொல்லியிருக்கலாம், அப்போது படத்தைத்தான் எடுத்துக் காட்டினார், பாருங்க அடிபடுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு. மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள், பாவம் அந்தம்மா கவனக்குறைவு என்றார்கள். பவளம் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். பவளம் போன அன்று? குளிப்பாட்டிப் புதுச்சேலை சுற்றிய பெண்கள், தோளில் நிற்கவில்லை, ஒரு ஊக்கு குடு என்று கேட்டார்கள். அரசி அழுதுகொண்டே, "ஊக்கு வேணாம். அம்மாவுக்கு ஆகாது" என்றாள். அதில் கோபம் இல்லை, அன்றைக்கு அது மன்னிப்பாக இருந்தது, செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை. இப்போது அரசியின் கொடியிலும் ஊக்கு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறாள், வளையல் சத்தம் மட்டும் வருகிறது, வேறு கிலுகிலுப்பு இல்லை. என் பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாதென்று கழற்றி வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு ஆக வேண்டியது ஊக்கில்லாமலே ஆகிக்கொண்டிருக்கிறது.

பையை மறந்த மாதிரி பெஞ்சிலேயே விட்டுவிடலாம். படம் தொலைந்தால் டாக்டரம்மா சந்தேகத்தின் பேரில் குழந்தையைப் பார்த்துவிடுவார்கள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இந்த யோசனை வந்ததும் மனம் துள்ளியது, துள்ளியதும் கூசியது. அல்லது அரசி வெளியே வந்தபிறகு தனியாக உள்ளே போய், அம்மா ஒரு விஷயம், என் மக காதுக்குப் போக வேண்டாம் என்று சொல்லலாம். அதுவும் பொருந்தியது. அன்றைக்கு ஊக்கு பொருந்தியதுபோலவே கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்துகிற எதையும் இனி நம்பக்கூடாது. அவருக்குப் பயம் எதில்? ரத்தம் தன்னுடையது என்று தெரிவதில் இல்லை. அரசி அம்மாவைத் திட்டிய ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் திரும்பி வருமே, பவளம் இல்லாத வீட்டில் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவாள்? அந்தப் பாரத்தையும் தான்தான் அவள் தலையில் ஏற்ற வேண்டும். "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்றாள் அரசி. "இல்ல." "எரியுதா? கண்ணுல தண்ணியா வருது." "மருந்து" என்றார். அவள் சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். அப்படித் துடைத்திருக்கக் கூடாது. ஆதிரை அவர் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது, ஈறில் இன்னும் பல் இல்லை. "இந்தப் போட்டோ மட்டும் இல்லைன்னா பாப்பாவுக்கு மயக்க ஊசி போட்டுருப்பாங்கப்பா. ராத்திரி அதையே நெனைச்சு எனக்குத் தூக்கமே வரலை. நல்லவேளை நீங்க போட்டோ எடுத்து வச்சீங்க" என்றாள் அவள். "மங்கையர்க்கரசி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அவரும் எழுந்தார். "நீங்க எங்கப்பா வர்றீங்க? ஒங்களை அப்புறம் கூப்பிடுவாங்க." "வர்றேன்" என்றார். கண்ணைத் திறந்ததும் உலகம் பாலில் விழுந்ததுபோல இருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். இருட்டறை, ஒரு மேசை விளக்கு, அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு உருவம், சின்ன வயதுக் குரல். அட்டையைப் பிரிக்கும் சத்தம். படம் விளக்குக்கு அடியில் போனது. "அழகா இருக்கீங்களே" என்றார் டாக்டரம்மா. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள் போல, அதை மேசையில் திரும்ப வைக்கும் சத்தம் கேட்டது. "பல்லு, அந்தக் கோடு எல்லாம் பாத்து நான் வேற நெனைச்சேன். ஆனா இதுல ரெண்டும் வட்டமா தெளிவா இருக்கு. அப்ப அடிபட்டதுதான். பாப்பாவுக்கு இப்ப மயக்கம் எல்லாம் வேண்டாம், கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாக்கலாம்." அரசி விட்ட மூச்சு அவள் தோளிலிருந்த அவர் கையில் பட்டது. "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல் போதும், அதோடு வெளியே போய்க் காப்பி குடிக்கலாம், பஸ் பிடிக்கலாம். "அதை இப்படிக் குடுங்கம்மா" என்றார் சோலையப்பன். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. படம் கைக்கு வந்தது. ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் மங்கல், ஒரு குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மேகம். தெரிய வேண்டியதில்லை, அந்தக் கண் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து வைத்து மெல்ல வட்டமாகத் தேய்த்தார். "என்னப்பா செய்றீங்க? அப்பா! படம் போயிரும்!" பழைய வண்ணம் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு பிசுபிசுத்தது, பிறகு விரலோடு வந்தது. இன்னொரு தரம் நனைத்தார். மருந்தின் கசப்பும் வண்ணத்தின் கசப்பும் ஒன்றாக நாக்கில் ஒட்டின. தேய்த்து முடித்து, விளக்குக்கு அடியில் நீட்டினார். அவர் பார்க்க முடியாததை அவர்கள் பார்த்தார்கள்.  "பிறக்கும்போதே இப்படித்தாம்மா" என்றார். "எங்க அத்தைக்கும் இருந்துச்சு. அது எங்க வீட்டு ரத்தம். ஊக்கு குத்தலை. நான் சொன்னது அது. பாப்பாவைப் பாருங்க. பொங்கல்லேர்ந்து கண்ணு கலங்கி இருக்கு." நாற்காலி தரையில் உரசியது, டாக்டரம்மா எழுந்துவிட்டார்கள். "பாப்பாவைக் குடுங்க. விளக்கை அணைங்க சிஸ்டர்" என்றார்கள், குரலில் முன்பிருந்த சாவகாசம் இல்லை. மடி காலியான அரசி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் கை கழுத்துக்குப் போவது வெளிறிய அசைவாகத் தெரிந்தது, கொடியைத் தடவியது, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியும்." "நான் அப்படிப் பேசுனப்பல்லாம்?" அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆதிரை வெளிச்சம் பட்டு வீலென்று கத்தியது. விரல் நுனியில் ஒட்டியிருந்த சாம்பலை வேட்டியில் துடைக்கத் தோன்றாமல், அதைத் தூக்கிப் பிடித்தபடியே, அவள் மறுபடி கேட்பதற்காக நின்றுகொண்டிருந்தார்.